ஆறாவது விறகு

மெடிசன் ஹேட்,
17 செப்டம்பர் 1978

அன்புள்ள ஹுல்டா அக்காவுக்கு, தம்பி கோட்லீப் எழுதுவது.

நான் நலம். கர்த்தரின் கருணையாலும் கொஞ்சம் சொந்த முயற்சியாலும் எழுபத்தொரு வயதில் என் பூட்ஸ் கயிற்றை நானே குனிந்து கட்டிக்கொள்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? வின்னிபெக் கொசுக்கள் இந்த வருடம் யாரையாவது தூக்கிக்கொண்டு போயினவா?

போன வருடம் வைத்த கேஸ் கணப்பைச் சுத்தம் செய்ய மார்வின் ப்ரோகோப் வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். பக்கத்தில் நாற்காலி போட்டு இரண்டு மணி நேரம் அவர் வேலை செய்வதைப் பார்த்தேன். இந்த ஊரில் இப்போது இதைவிட நல்ல பொழுதுபோக்கு இல்லை. வால்வை மூடிவிட்டு, எல்லாம் ஆறும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தார். பேசாமல் உட்காரத் தெரிந்த தொழிலாளியை நான் கடைசியாக 1951இல் பார்த்தேன். பிறகு கம்பளத்தின் மேல் துணி விரித்து, எரியாமல் அழகுக்காக இருக்கும் ஐந்து மண் விறகுகளையும், தூங்கும் கோழியைத் தூக்குவதுபோல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினார். பர்னர் துளைகளை வேக்குவம் வைத்து உறிஞ்சினார். காற்றுக் குழாயில் ஒரு சிலந்தி குடியிருந்தது. "பெரியவரே, பாதி வீட்டுல இதுங்கதான் வாடகை குடுக்காம இருக்குதுங்க" என்றார். கண்ணாடிக் கதவைத் துடைத்தபின் அங்கே கண்ணாடி இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

இரண்டே குறைகள். ஐந்து விறகுகளையும், தனக்கு மனப்பாடமான கையேட்டில் உள்ளபடி வைக்கிறேன் என்று, குடித்துவிட்டு விழுந்தவன் கைகால்போல ஆளுக்கொரு திசையில் வைத்துவிட்டார். அப்புறம், புகைபோக்கியின் தகட்டை முழுதாக மூட முடியாதபடி அதில் ஓர் இரும்புக் கவ்வியை மாட்டி வைத்திருக்கிறார். பாதிச் சூடு மேலே போய்விடுகிறது. பானைத் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் சூளை எரித்தவன் நான். உள்ளே தள்ளினால் நன்மை தராத தகடு ஒன்றை இதுவரை சந்தித்ததில்லை. அவர் மனம் புண்படக் கூடாது என்று, அவர் வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் இரண்டையும் திருத்தினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
கோட்லீப்


வின்னிபெக்,
2 அக்டோபர் 1978

அன்புத் தம்பி கோட்லீப்புக்கு,

உன் கடிதம் சுகம் தந்தது. என் வலது முழங்கால் நலம். இடது முழங்கால் அதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறது. கொசு யாரையும் தூக்கவில்லை. இங்கேயே வைத்துச் சாப்பிட்டது.

மார்வினைப் பற்றிப் படித்து ரசித்தேன். நம் குடும்பத்தில் எவரும் இன்னொருவர் வேலையை இரண்டு மணி நேரம் புகழ்ந்ததில்லை. நீ ஆரம்பித்து வைத்திருக்கிறாய்.

கவ்வியை எதற்காக மாட்டினார் என்று கேட்டாயா?

உன் அக்கா,
ஹுல்டா


மெடிசன் ஹேட்,
29 அக்டோபர் 1978

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முதல் பனி விழுந்தாயிற்று. உன் இடது முழங்காலுக்கு என் அனுதாபம்.

கவ்வியைப் பற்றிக் கேட்டாய். எதற்கு மாட்டினார் என்று கழற்றிய பொருளிடம் எப்படிக் கேட்பது?

அக்கா, தகடு முக்கால்வாசி உள்ளே போனதும் நெருப்பின் குணமே மாறிவிட்டது. முன்பு நீலமாக, அவசரமாக, பஸ் பிடிக்கப் போகிறவன்போல எரிந்தது. இப்போது மஞ்சளாக, சோம்பலாக, விறகை நக்கிக்கொண்டு எழுகிறது. சூளையில் இப்படிப்பட்ட சுடரை வரவைத்தால்தான் ஜாடிக்கு அந்த ஆழ்ந்த பழுப்பு நிறம் வரும். அதற்காக மேலாளரே வந்து என் கையைக் குலுக்கியிருக்கிறார். பக்கத்து வீட்டு லீலண்ட், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன், எதையும் பாராட்டாதவன், முதல் நாள் வந்து பார்த்துவிட்டு, "யோவ், இது நிஜ நெருப்பு மாதிரியே இருக்குய்யா!" என்றான்.

"நிஜ நெருப்புதான்டா அது" என்றேன்.

"அதான், அது மாதிரியே இருக்கு."

கண்ணாடியில் மட்டும் கரி படிகிறது. வாரம் ஒருமுறை, அணைத்து ஆறவிட்டு, வினிகரும் பழைய செய்தித்தாளும் வைத்துத் துடைத்தேன். இப்போது வாரம் இரண்டு முறை. லீலண்ட் சாயங்காலம் சீட்டாட வருகிறான். நான்காவது ஆட்டத்தில் கையில் சீட்டோடு தூங்கிவிடுகிறான். வீடு அவ்வளவு சௌகரியம். எனக்கும் கொஞ்சம் தலைவலி இருக்கிறது. புது மூக்குக் கண்ணாடி செய்த வேலை.

அன்புடன்,
கோட்லீப்


வின்னிபெக்,
6 நவம்பர் 1978

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். என் சுகத்தைப் பற்றி இந்த முறை இவ்வளவு போதும்.

உன் தலைவலி எப்போது வருகிறது? தேவாலயத்தில் இருக்கிறதா? காபிக் கடையில்? புதுக் கண்ணாடி அங்கேயும் உன் மூக்கில்தானே இருக்கிறது? உடனே எழுது.

ஹுல்டா


மெடிசன் ஹேட்,
19 நவம்பர் 1978

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான், ஆனால் கொஞ்சம் மந்தம். நேற்று சுவர்க் கடிகாரத்துக்கு இரண்டு முறை சாவி கொடுத்தேன்.

நீ சொன்னபடி கவனித்தேன். ஆச்சரியமான விஷயம்! தேவாலயத்துக்குள் போய்ப் பத்து நிமிடத்தில் வலி குறைகிறது, பிரசங்கம் முடியும்போது முற்றிலும் போய்விடுகிறது. வீட்டுக்கு வந்து நெருப்பு முன் உட்கார்ந்தால் திரும்பி வருகிறது. போதகரிடம் சொன்னேன். அவர் இருபது வருடமாக இப்படி ஒரு சாட்சிக்காகக் காத்திருந்தாராம். அடுத்த ஞாயிறு சபை முன்னால் சொல்லச் சொல்லியிருக்கிறார்.

காபிக் கடையிலும் வலி இல்லை. இதைப் போதகரிடம் சொல்லவில்லை.

கோட்லீப்


வின்னிபெக்,
24 நவம்பர் 1978

கோட்லீப்,

அந்தக் கணப்பை அணை. சன்னலைத் திற. கவ்வியைத் திரும்ப மாட்டு, மார்வினைக் கூப்பிடு. உனக்கு வலி வருவது கண்ணாடியால் அல்ல, போவது பிரசங்கத்தால் அல்ல. தகட்டை மூடியதால் மேலே போக வேண்டிய விஷப்புகை உன் வரவேற்பறையில் தங்குகிறது. அதற்கு வாசனை கிடையாது. லீலண்ட் சௌகரியத்தால் தூங்கவில்லை. ஒருநாள் நீங்கள் இருவரும் எழுந்திருக்க மாட்டீர்கள்.

எனக்கு இருக்கிற தம்பி ஒருவன்தான்.

ஹுல்டா


மெடிசன் ஹேட்,
20 டிசம்பர் 1978

அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். நான் நலம் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

பதில் எழுத நாளாயிற்று. எழுதத் தகுந்த மனநிலை வரவில்லை. முப்பத்தெட்டு வருடம் நெருப்போடு வாழ்ந்தவனுக்கு, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருடம் பிளக் செருகிய ஒருத்தி புகையைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள். நான் எப்போதாவது உன்னிடம், தவறான நம்பர் கொடுக்காதே என்று சொன்னேனா?

நீ போன் செய்ததும் சரியில்லை. "டேய், அதை அணைச்சியா இல்லையா?" என்று கேட்டால் மனிதன் என்ன சொல்வான்? "நல்லா இருக்கேன், வைக்கிறேன்" என்றேன், வைத்தேன். அதன்பிறகு பதினோரு முறை மணி அடித்தது. டெலிபோனுக்குத் தலையணை போட வேண்டியதாயிற்று.

பிறகு யாரோ புகார் கொடுத்ததாக முதல் நாளே தகவல் சொல்லிவிட்டு, கேஸ் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் சோதனைக் கருவியோடு வந்தான். யார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. எனக்கு வின்னிபெக்கில் ஒருவரைத்தான் தெரியும். வீட்டுக்கு ஆள் வருகிறானே என்று தகட்டை முழுக்கத் திறந்து, அறைக்குக் காற்றோட்டம் கொடுத்து, மரியாதையாக வைத்திருந்தேன். அவன் கருவி ஒன்றும் சொல்லவில்லை. காபி குடித்துவிட்டுப் போனான். அதோடு இந்த விஷயம் முடிந்தது.

லீலண்டுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது. பத்து நாளாகத் தினமும் மூன்று தடவை வருகிறான். வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறைச் சன்னலையும் முன்கதவையும் திறக்கிறான். வெளியே மைனஸ் இருபது. "என்னய்யா பண்றே?" என்றால், "டாக்டர் எனக்குக் காத்து வேணும்னாரு" என்கிறான். "உங்க வீட்ல காத்து இல்லியா?" "எங்க வீட்டுக் காத்து ஒத்துக்கல." ஒருநாள் கணப்பையே அணைத்துவிட்டு, கால் பட்டுவிட்டது என்றான். சுவிட்ச் அவன் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. அவனுக்கு இப்போது வின்னிபெக்கிலிருந்து தபால் வருகிறது. கேட்டால் விதைக் கம்பெனி என்கிறான். டிசம்பரில் என்ன விதைக்கப் போகிறானோ!

கோட்லீப்


வின்னிபெக்,
27 டிசம்பர் 1978

அன்புத் தம்பி கோட்லீப்புக்கு,

உனக்குப் புத்தாண்டு வாழ்த்துகள். என் முழங்கால்கள் சமாதானம் ஆகிவிட்டன.

நீ சொன்னதில் நியாயம் இருக்கிறது. நெருப்பு உன் துறை. அதனால்தான் இப்போது உன்னிடம் வருகிறேன்.

உன் வர்ணனைகளைப் படித்துப் படித்து எனக்கும் ஆசை வந்து, உன்னுடைய அதே கம்பெனிக் கணப்பு ஒன்றை வாங்கிவிட்டேன். வைத்தவர்கள் அவசரக்காரர்கள், விறகுகளைக் குவியலாகப் போட்டுவிட்டுப் போனார்கள். கையேடு பெட்டி அட்டையோடு குப்பைக்குப் போய்விட்டது. ஆறு விறகுகள் இருக்கின்றன. எது எங்கே உட்கார வேண்டும், தகடு எவ்வளவு திறந்திருக்க வேண்டும், எப்படிச் சுத்தம் செய்வது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. வேறு யாரைக் கேட்டாலும் எனக்கு நம்பிக்கை வராது. தயவுசெய்து உன் கையேட்டை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து ஒரு வரி விடாமல், உன் கருத்துகளையும் சேர்த்து எழுதி அனுப்பு. உன் கடிதம் வரும்வரை பற்றவைக்கமாட்டேன். கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

உன்னை நம்பியிருக்கும்
ஹுல்டா


மெடிசன் ஹேட்,
21 ஜனவரி 1979

அன்புள்ள ஹுல்டா அக்காவுக்கு,

நலம். கோட்டைக் கழற்றாதே.

இதோடு தனியாக வைத்திருப்பதைக் கவனமாகப் படி. பதினோரு பக்கம் இருக்கிறது, படமும் போட்டிருக்கிறேன். சாரத்தை மட்டும் இங்கே சொல்கிறேன்.

விறகுகளை உன் இஷ்டத்துக்கு வைக்காதே. அவற்றின் அடியில் குழிகள் இருக்கின்றன. விறகுகளைத் தாங்கும் கம்பிச் சட்டத்தில் உள்ள முளைகள் அந்தக் குழிகளில் உட்கார வேண்டும். கோணல்மாணலாகத் தெரியும். அது கோணல் இல்லை, கணக்கு. சுடர் எந்த விறகையும் நேராக இடிக்காமல் இடைவெளியில் எழ வேண்டும் என்று யோசித்து ஒரு மனிதன் செய்திருக்கிறான், கெட்டிக்காரன். அழகாக அடுக்குகிறேன் என்று நகர்த்தினால் சுடர் விறகில் மோதிக் கரி கக்கும். கரியைப் பார்த்தால் துடைப்பதோடு நிற்கக் கூடாது, ஏன் வந்தது என்று கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் மாதக்கணக்கில் வினிகர் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

தகட்டை மூடாதே. கவ்வி மாட்டியிருந்தால் தொடாதே. ஒன்பதாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது: அதைக் கழற்றினால் தலைவலி, மந்தம், தூக்கம், பிறகு மரணம். இந்த வரிசையில்தான் போட்டிருக்கிறார்கள். சூளையில் தகட்டைத் தள்ளலாம், ஏனென்றால் சூளைக்குள் யாரும் சீட்டாடுவதில்லை. இந்த வித்தியாசம் சில அனுபவசாலிகளுக்கே புரிவதில்லையாம்.

சுத்தம்: வருடம் ஒருமுறை, தெரிந்தவரை வைத்து. நடுவில் மென்மையான பிரஷ் மட்டும். கண்ணாடி துடைக்கும் நீல மருந்து ஆகாது. சூடாக இருக்கும்போது தொடாதே.

ஏப்ரலில் நான் ரயிலேறி வந்து உன் கணப்பை நேரில் பார்க்கிறேன். ஆறாவது விறகைப் பார்க்க விசேஷ ஆவல்.

கோட்லீப்

பி.கு.: லீலண்ட் சன்னல் திறப்பதை நிறுத்திவிட்டான். டாக்டரை மாற்றிவிட்டதாகச் சொல்கிறான்.


வின்னிபெக்,
3 பிப்ரவரி 1979

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். பதினோரு பக்கத்தையும் மூன்று முறை படித்தேன். இதைவிடத் தெளிவாக யாரும் எதையும் எனக்கு விளக்கியதில்லை. ஒன்பதாம் பக்கத்தைப் பற்றி நீ எழுதியதைப் படிக்கும்போது உட்கார்ந்திருந்தது நல்லதாயிற்று.

நீ வருவதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் கணப்பு கிடையாது. நான் இருப்பது மூன்றாவது மாடி. கேஸ் குழாயே இந்தக் கட்டடத்துக்குள் வரவில்லை. சுவரோரம் ஒரு மின்சார ஹீட்டர் இருக்கிறது, அதைத் துடைத்தால் போதும். உன்னிடம் பொய் சொன்னேன். லீலண்டுக்கு எழுதிய விதைக் கம்பெனியும் நானே. அவரைத் திட்டாதே; அந்தக் குளிரில் உன் வீட்டுச் சன்னல்களைத் திறந்து வைத்து, கோட்டோடு உட்கார்ந்து உன்னோடு சீட்டாடிய மனிதர் அவர்.

எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருடமும் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று போனில் பதினான்கு நொடி உன் குரலைக் கேட்டபோது உன் நாக்கு குழறியது. எனக்கு அதன்பிறகு வேறு எதுவும் தோன்றவில்லை.

கோபமிருந்தால் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

ஹுல்டா


மெடிசன் ஹேட்,
4 மார்ச் 1979

அன்புள்ள ஹுல்டா அக்காவுக்கு,

நலம். இந்த முறை உண்மையாகவே. சீனூக் என்கிற வெப்பக் காற்று வந்து பனியைக் கரைத்துவிட்டுப் போயிருக்கிறது. தெருவெல்லாம் சேறு.

உன்னிடம் கணப்பு இல்லை என்று டிசம்பர் முப்பதாம் தேதியே எனக்குத் தெரியும். அந்தக் கம்பெனி ஆறு விறகு வைத்துச் செய்வதில்லை என்று நினைத்தேன். நினைத்தால் போதாது, பக்க எண்ணோடு உன் முகத்தில் வீச வேண்டும் என்றுதான் கையேட்டைத் தேடினேன். பிரிக்காத உறைக்குள் இருந்தது. உன் பொய்யைப் பிடிப்பதற்காக முதல் பக்கத்திலிருந்து ஒரு வரி விடாமல் படித்தேன். நான்கு, ஐந்து, ஏழு விறகு இருக்கிறது. ஆறு இல்லவே இல்லை. எட்டாம் பக்கம் வரை எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பிறகு ஒன்பதாம் பக்கம் வந்தது.

எழுந்து போய் வால்வை மூடினேன். கதவைத் திறந்து வாசற்படியில் ரொம்ப நேரம் நின்றேன். லீலண்ட் அவன் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தான். "என்னய்யா, காத்து வாங்குறியா?" என்றான். "ஆமாய்யா" என்றேன். அவன் வேறெதுவும் கேட்கவில்லை. அதற்காக அவனுக்கு நான் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன். இதை நீ விதைக் கம்பெனி மூலம் அவனுக்குத் தெரிவித்துவிடாதே.

மறுநாள் மார்வின் வந்தார். விறகுகளைப் பார்த்தார், கரியைப் பார்த்தார், தலையை உள்ளே விட்டு மேலே பார்த்தார். "கவ்வியை யாரு கழட்டினது?" என்றார். லீலண்ட் பக்கத்திலேயே நின்றான். அவன் பெயர் என் வாய்வரை வந்தது.

"நான்தான்" என்றேன்.

மார்வின் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சூளையில வேலை பாத்தீங்களா, பெரியவரே?"

"முப்பத்தெட்டு வருஷம்."

"நெனச்சேன். இந்த ஊர்ல கவ்வியைக் கழட்டுறவங்க எல்லாரும் சூளைக்காரங்கதான். கடைக்காரர், பேங்க்காரர், போதகர் ஒருத்தரும் கைய வைக்க மாட்டாங்க. உங்க ஆளுங்க மட்டும், நான் வண்டிய எடுக்கிறதுக்குள்ள ஸ்க்ரூ டிரைவரை எடுத்துடுறாங்க. சொன்னா, 'நீ பொறக்கறதுக்கு முன்னாடி நான் தகடு தள்ளினவன்'ங்கிறாங்க."

நான்கு பெயர் சொன்னார். நால்வரும் என்னோடு வேலை பார்த்தவர்கள். நால்வருக்கும் இந்தக் குளிர்காலம் தலைவலியாம்.

அதனால் நான் ஏப்ரலில் வர முடியாது அக்கா, மன்னித்துக்கொள். இங்கே வேலை இருக்கிறது. போன வாரம் ஆடம் ஹாஃப்னர் வீட்டுக்குப் போனேன். சூளையில் எனக்கு மேஸ்திரியாக இருந்தவர்; எண்பது வயது; கர்த்தரே வந்து சொன்னாலும் இரண்டாவது அபிப்பிராயம் கேட்பவர். கண்ணாடி முழுக்கக் கரி. கண்கள் பாதி மூடியிருந்தன. நான் கவ்வியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முதலில் போய்ச் சன்னலைத் திறந்தேன், எனக்கு வியர்க்கிறது என்று. பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "மேஸ்திரி, நானும் ஒரு கணப்பு வாங்கித் தொலைச்சிட்டேன். கையேடு தொலைஞ்சுபோச்சு. தலையும் புரியல, வாலும் புரியல. நீங்கதான் முதல் பக்கத்துலேர்ந்து படிச்சு சொல்லணும்" என்றேன்.

"உனக்கு அப்பவே ஒண்ணும் தெரியாதேடா" என்றார்.

"தெரியாது மேஸ்திரி. ஆறு விறகு வேற இருக்கு."

"ஆறா? ஆறு கிடையாதுடா, முட்டாள்!" என்று சொல்லிவிட்டு, எனக்கு நிரூபிப்பதற்காகக் கையேட்டைத் தேட எழுந்து போனார்.

உன் தம்பி,
கோட்லீப்